தோட்டாவின் பொட்டு

துப்பாக்கி என்றால் குழலைப் பார்க்கிறோம், குறியைப் பார்க்கிறோம், சுடுகின்றவரின் கையைப் பார்க்கிறோம். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றபோது நாடு முழுவதும் அவருடைய கண்ணையும் கையையும் நெஞ்சுறுதியையும் புகழ்ந்தது. தோட்டாவின் அடியில் இருக்கும் பொட்டைப் பற்றி யாராவது பேசினார்களா? அவர் பதக்கம் பெற்றது காற்றுத் துப்பாக்கியில். அதில் பொட்டே கிடையாதே என்று விவரம் அறிந்த நண்பர்கள் உடனே திருத்துவார்கள். திருத்தட்டும். அதைப் பற்றியும் பேசத்தான் போகிறேன்.

பொட்டு என்று நான் சொல்வது ஆங்கிலத்தில் பிரைமர் எனப்படும் பொருளை. பித்தளைத் தோட்டா ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அடித்தட்டின் நடுவே ஒரு சிறு வட்டம் தெரியும், நெற்றியில் இட்ட பொட்டைப் போல. கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இது இரண்டே அளவு. சிறியது 4.45 மில்லிமீட்டர் குறுக்களவு; பெரியது 5.33 மில்லிமீட்டர். அது ஒரு சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம். கிண்ணத்துக்குள் சிட்டிகையிலும் சிறு அளவு மருந்து. மருந்துக்கு எதிரே, கொல்லன் பட்டறையிலுள்ள அடைகல்லைப் போல ஓர் உலோகத் துண்டு. விசையை இழுத்தால் சுத்தி விழும். ஊசி வந்து கிண்ணத்தின் அடியைக் குத்தும். கிண்ணத்துக்கும் அடைகல்லுக்கும் இடையே அகப்பட்ட மருந்து நசுங்கித் தீப்பற்றும். அந்தத் தீ ஒரு சிறு துளை வழியே பாய்ந்து, தோட்டாவுக்குள் இருக்கும் பெருமருந்தைக் கொளுத்தும். குண்டு பறக்கும்.

இது நமக்குப் புதிதன்று. தீபாவளியன்று பொம்மைத் துப்பாக்கியில் வைத்து அடித்தோமே, சிவகாசிப் பொட்டு வெடி, அதுவும் இதே தத்துவந்தான். அடித்தால் பற்றும் மருந்து. ஒன்று குழந்தையின் கையில் 'டப்' என்று ஓய்ந்துவிடும். மற்றொன்று குண்டைத் துரத்தும். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இந்த உறவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தப் பொட்டைத் தேர்ந்தெடுப்பது அமெரிக்காவில் ஒரு தனிக் கலை. அங்கே போட்டிக்காகக் கைத்துப்பாக்கி சுடுகின்றவர்களில் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே மறுபடி நிரப்பிக் கொள்கிறார்கள். சுட்டபின் பித்தளைக் கூடு கெடுவதில்லை. அதிலேயே புதிய பொட்டும் மருந்தும் குண்டும் ஏற்றிக்கொள்ளலாம். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். ஒவ்வொரு தோட்டாவும் தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி, ஒன்றைப் போல் ஒன்று அமையும் என்பது பெரிய காரணம். மிளகாய்ப் பொடியைக் கடையில் வாங்காமல் நம் அம்மாக்கள் தாமே பக்குவம் பார்த்து அரைக்கவில்லையா, அதைப் போல.

அவர்கள் பொட்டைத் தேரும் முறை சுவையானது. போட்டிக்காரருக்கு விசை இலேசாக இருக்க வேண்டும். விசை இலேசாக வேண்டுமானால் சுத்தியை இயக்கும் சுருள்வில்லைத் தளர்த்த வேண்டும். வில் தளர்ந்தால் ஊசியின் அடியும் தளரும். தளர்ந்த அடிக்கும் பற்றிக்கொள்ளும் பொட்டு எது? ஃபெடரல் கம்பெனியின் பொட்டு மென்மையானது, சி.சி.ஐ. கம்பெனியுடையது கடினமானது, வின்செஸ்டரும் மற்றவையும் இடையில் என்பது அவர்களுக்குள் வழங்கும் வழக்கு. ஆகவே சுழல்துப்பாக்கியின் வில்லைத் தளர்த்தியவர் ஃபெடரலைத் தேடி அலைவார். 2020ஆம் ஆண்டு தொடங்கிய பெருந்தட்டுப்பாட்டில் அங்கே ஆயிரம் பொட்டுகள் 30 டாலர் அளவிலிருந்து 100 டாலருக்கு மேலே போயின. கிடைத்ததை வாங்கிக் கொண்டார்கள். மென்மை, சீர்மை, விலை, கிடைக்குமா கிடைக்காதா என்ற நான்கைச் சுற்றியே பேச்சு.

நான் எம்.எஸ்ஸி. இரசாயனம் பயிலும் மாணவன். சுடும் வீரன் அல்லன். எனவே என் கண்ணுக்கு அந்தப் பேச்சில் ஒரு சொல் விடுபட்டிருப்பது தெரிகிறது. பொட்டுக்குள் என்ன இருக்கிறது? அது எரிந்தபின் எங்கே போகிறது? சுடுகின்றவரின் நெஞ்சுக்குள் போகிறது.

இதைச் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1800ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எட்வர்டு ஹோவர்டு என்ற இரசாயனி பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். ஆராய்ச்சியில் தாமே காயமும் பட்டார். அடித்தால் வெடிக்கும் பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத். அவருடைய கவலை யாது? சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் பளிச்சென்று பொறி பறக்கும். அதைக் கண்டு வாத்துகள் பறந்துவிடும். பாதிரியாருக்கு வேட்டை கெட்டுப் போயிற்று! 1807இல் அவர் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் கையாண்டது பொட்டாசியம் குளோரேட் சேர்ந்த கலவை. பின்னர்ச் செப்புத் தொப்பிக்குள் மருந்தை அடைக்கும் வழி வந்தது. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்தோம் அல்லவா? அந்த என்ஃபீல்டு துப்பாக்கியைச் சுடவைத்ததும் இத்தகைய செப்புத் தொப்பிதான்.

1866 வாக்கில் தொப்பி தோட்டாவின் அடிக்குள்ளேயே இடம்பெற்றது. இங்கிலாந்தின் பாக்ஸர் ஒரு முறை கண்டார். அமெரிக்காவின் பெர்டான் வேறொரு முறை கண்டார். பாக்ஸர் முறையில் அடைகல் பொட்டுக்குள்ளேயே இருக்கும். பழைய பொட்டை எளிதில் வெளியே தள்ளிவிடலாம். பெர்டான் முறையில் அடைகல் பித்தளைக் கூட்டின் பகுதி. பொட்டைக் கழற்றுவது தொல்லை. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயன் கண்ட முறையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்கன் கண்ட முறை ஐரோப்பாவில் பரவிற்று. தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் இவ்வளவு வேரூன்றியதற்கு இது ஒரு காரணம்.

இனி மருந்துக்கு வருவோம். பாதரச ஃபல்மினேட் நல்ல வேலைக்காரன். ஆனால் எரிந்தபின் பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கச் செய்துவிடும். கூட்டை மறுபடி பயன்படுத்த முடியாது. ஆகவே பாதரசத்தைத் தள்ளினார்கள். குளோரேட் இருந்தது. அது எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு குழலில் தங்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக் குழலைத் துருவாக்கும். ஜூன் மாதத்து மும்பையில் சன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1920களின் இறுதியில் ஜெர்மானியர்கள் குளோரேட்டையும் தள்ளிவிட்டு லெட் ஸ்டிஃப்னேட் என்னும் காரீயக் கூட்டுப்பொருளைக் கொண்டுவந்தார்கள். துணைக்குப் பேரியம் நைட்ரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும். குழல் துருப்பிடிக்கவில்லை, பித்தளை நொறுங்கவில்லை. சினாக்சிட் என்று பெயரிட்டார்கள். துருவற்றது என்று பொருள். அமெரிக்கப் படை 1950களின் தொடக்கத்தில்தான் முழுமையாக மாறியது. இன்றும் உலகில் பெரும்பாலான பொட்டுகளுக்குள் இருப்பது அந்தக் காரீயக் கலவைதான்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது என் மனத்தில் ஒன்று உறுத்துகிறது. ஃபோர்சைத் வாத்துக்காக மாற்றினார். பாதரசம் பித்தளைக்காகப் போயிற்று. குளோரேட் எஃகுக்காகப் போயிற்று. மனிதனுக்காகப் போன மருந்து எது? நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றுமில்லை. 1980களில்தான் ஜெர்மனியின் டைனமிட் நோபெல் கம்பெனி காரீயமும் பேரியமும் ஆன்டிமனியும் இல்லாத சின்டாக்ஸ் என்ற பொட்டுமருந்தைக் கொண்டுவந்தது. மூடிய அரங்குகளில் நாள்தோறும் சுட்டுப் பழகும் காவலர்களின் இரத்தத்தில் காரீயம் ஏறிய பின்னரே அந்த எண்ணம் வலுப்பெற்றது.

காரீயம் என்றால் நம் வீட்டு ஈயச் சொம்பு நினைவுக்கு வந்து யாரும் அஞ்ச வேண்டாம். மாதுங்காவில் அம்மாக்கள் தேடி வாங்கும் இரசச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் நம் மொழி ஒரே அடிச்சொல்லைத் தந்ததனால் குழப்பம் வருகிறது. (கடைக்காரர் வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்ததை விற்றால் அது வேறு கதை, சொம்பு வாங்கும்போது நம்பகமான கடை பாருங்கள்.) காரீயத்துக்கு உடம்பில் ஒரு வேலையும் கிடையாது. வந்த காரீயம் கால்சியம் போல நடித்து எலும்பில் குடிபுகும். பல ஆண்டுகள் அங்கேயே தங்கும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம், சிறுநீரகக் கேடு, வயிற்று வலி, நரம்புத் தளர்ச்சி. கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். தீங்கில்லாத அளவு என்று ஒன்று இதுவரை காணப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2020இல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பதாக மதிப்பிட்டது. இவ்வளவும் துப்பாக்கியால் வந்ததன்று. பழைய மின்கலத் தொழில், வண்ணப்பூச்சு, கலப்பட மசாலா எனப் பல வழிகள். ஆனால் ஏற்கெனவே நிரம்பி வழியும் குடத்தில் இன்னொரு சொட்டு விடுவது அறிவுடைமையா?

சுடுமிடத்தில் காரீயம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று குண்டு, குண்டின் அடி சூட்டில் ஆவியாகும், குழலில் உராயும், இலக்கில் மோதிப் பொடியாகும். மற்றொன்று பொட்டு. பொட்டின் புகை சுடுகின்றவரின் முகத்துக்கு மிக அருகில் எழுகிறது. மிக நுண்ணிய தூள். உறையிட்ட குண்டும் காரீயமற்ற பொட்டும் சேர்ந்தால் காற்றில் காரீயம் பெருமளவு குறைந்துவிடுகிறது. 2009இல் அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனமான நையாஷ் மூடிய சுடுமிடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்த பகுதி துடைப்பத்தைப் பற்றியது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. படிந்த தூள் மறுபடி எழும். ஈரத்தால் துடைக்க வேண்டும், அல்லது நுண்வடிகட்டி பொருத்திய உறிஞ்சுகருவி வேண்டும்.

நண்பர்களே, அந்தத் துடைப்பத்தைப் பிடிப்பவர் யார்? நான் தாராவியில் வளர்ந்தவன். எங்கள் பகுதியில் பங்கார் கடைகள் நிறைய. பித்தளை தனி, செம்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று மூட்டைகளைப் பிரித்துப் போடுவார்கள். எந்த மூட்டையில் என்ன தூசு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பதக்கம் சுடுகின்றவர் கழுத்தில் விழுகிறது. தூசு பெருக்குகின்றவர் மூக்கில் விழுகிறது. அவர் தம் வாழ்நாளில் ஒரு தோட்டாவும் சுட்டிருக்க மாட்டார். உடையில் ஒட்டிய தூளோடு வீடு சென்று குழந்தையைத் தூக்குவார். அமெரிக்காவில் தோட்டா நிரப்புகிறவர்களின் வீட்டிலும் இதே ஆபத்து. சுட்ட கூடுகளை உலர்முறையில் உருட்டித் துலக்கும்போது பொட்டின் சாம்பல் வீடெங்கும் பறக்கிறது. பொட்டின் விலையைப் பத்துக் கடையில் விசாரிப்பவர்களில் பலர் அந்தச் சாம்பலைப் பற்றி ஒரு நாழிகை கூட எண்ணுவதில்லை.

இப்போது அந்தச் சிவகாசி உறவுக்கு வருகிறேன்.

2015இல் தில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு ஒன்று தொடரப்பட்டது. பட்டாசுப் புகை எங்கள் மூச்சைக் கெடுக்கிறது என்பது முறையீடு. 2017 ஜூலை 31ஆம் நாள் நீதிமன்றம், பட்டாசில் எந்த வடிவிலும் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்செனிக், காரீயம் இருத்தல் ஆகாது என்று ஆணையிட்டது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் பேரியம் உப்புகளும் ஆகாது என்றது. காரீயம், ஆன்டிமனி, பேரியம். இந்த மூன்றையும் மறுபடி ஒருமுறை படியுங்கள். மேலே ஜெர்மானியர் செய்த கலவையில் இருந்தவை எவை? அவையே. குழந்தையின் பொம்மைத் துப்பாக்கிப் பொட்டில் ஆகாது என்று நாட்டின் மிக உயர்ந்த மன்றம் தள்ளிய மூன்றும், போட்டித் தோட்டாவின் பொட்டில் இன்றும் கூடியிருக்கின்றன.

இதை நான் சிவகாசிக்கு வழக்காட எழுதவில்லை. 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து வளர்த்த ஊர் அது. பேரியம் போனபின் அங்கே எத்தனை பட்டறைகள் திண்டாடின, எத்தனை பேர் கூலி இழந்தனர் என்பதை விருதுநகர்ப் பக்கத்து நண்பர்களைக் கேளுங்கள். ஆணை வந்தது; வலித்தது; புதிய கலவை தேடினார்கள்; நீரி ஆராய்ச்சி நிலையம் பசுமைப் பட்டாசு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஏழைத் தொழிலாளியின் பொட்டு தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால், ஆயிரக்கணக்கில் செலவிட்டு விளையாடும் விளையாட்டின் பொட்டு மட்டும் ஏன் அப்படியே இருக்க வேண்டும்? அளவு வேறு என்பார்கள். தீபாவளியன்று ஊர் முழுவதும் புகை. சுடுமிடத்தில் ஒரு துளி. உண்மை. ஆனால் அந்தத் துளி ஆண்டுக்கு ஒரு நாள் வருவதன்று; நான்கு சுவருக்குள், ஒரே மூக்குக்கு, நாள்தோறும் வருவது.

எதிர்க்கட்சியையும் கேட்போம். சுடுகின்றவரின் அச்சம் பொய்யன்று. ஒரு பொட்டு பற்றாமற் போனால் ஓராண்டுப் பயிற்சி வீண். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் 600க்கு 590 எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்தார். அறுபது குண்டும் சொன்னபடி கேட்க வேண்டும்; அறுபது பொட்டும் ஒரே சீராகப் பற்ற வேண்டும். காரீயமற்ற பொட்டுகளில் தொடக்க காலத்தவை சில ஈரம் பிடித்தன, குளிரில் தடுமாறின, சில நாட்பட வைத்திருந்தால் சோர்ந்தன. அமெரிக்காவில் பாயிண்ட் 45 தோட்டாவுக்கு வழக்கமாகப் பெரிய பொட்டு. காரீயமற்றதாகச் செய்தபோது சில கம்பெனிகள் சிறிய பொட்டு வைத்தன. நிரப்புகிறவர்கள் இரண்டு வகைக் கூடும் கலந்துபோய்த் திட்டித் தீர்த்தார்கள். விலையும் கூடுதல். இவையெல்லாம் மெய்யான குறைகள். ஆனால் போட்டி நாளன்று சுடுவது எத்தனை? பயிற்சியில் சுடுவது எத்தனை? போட்டிக்கு அவர் விரும்பிய பொட்டை வைத்துக்கொள்ளட்டும். பயிற்சிக்கு, அதுவும் மூடிய அரங்கில், காரீயமற்றது போதாதா? பயிற்சியில் பொட்டு ஒன்று பற்றாவிட்டால் மறு தோட்டா எடுத்துச் சுட வேண்டியதுதானே. 25 மீட்டர்ப் போட்டிகளிலேயே ஊசி குத்திய தடம் இருந்தும் பற்றாத தோட்டாவைச் சுடுகின்றவரின் குற்றமாக விதிகள் கொள்வதில்லை.

பெட்ரோலை நினைத்துப் பாருங்கள். காரீயம் கலக்காவிட்டால் எஞ்சின் தட்டும், வண்டி ஓடாது என்று 1920களிலிருந்து சொன்னார்கள். 2000ஆம் ஆண்டு இந்தியா முழுவதும் காரீயப் பெட்ரோல் நின்றது. 2021இல் கடைசி நாடாக அல்ஜீரியாவும் நிறுத்தியது. செம்பூர் நாக்காவில் வண்டி ஓடவில்லையா? ஓடத்தான் செய்கிறது, நகரத்தான் இடமில்லை.

மற்றோர் எதிர்வாதம் எனக்கு உண்மையிலேயே சுவையாக இருக்கிறது. அது நம் வித்யாநகரி வளாகத்தின் அண்டை வீட்டிலிருந்து வருவது. கலினாவிலுள்ள மாநிலத் தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தை அறிவீர்கள். ஒருவன் துப்பாக்கியால் சுட்டானா என்று அறிய, அவன் கையில் ஒட்டிய தூளை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது உலகெங்கும் உள்ள முறை. காரீயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒரே உருண்டைத் துகளில் கூடியிருந்தால் அது பொட்டின் கையெழுத்து. காரீயத்தை எடுத்துவிட்டால் கையெழுத்து அழிந்துவிடாதா? இக்கேள்விக்கு விடையில்லாமல் இல்லை. ஜெர்மனியில் காவல்துறைக்கான காரீயமற்ற தோட்டாக்களில் கடோலினியம் போன்ற அரிய தனிமங்களை அடையாளத்துக்கென்றே சேர்க்கிறார்கள். பழைய கையெழுத்துக்குப் பதில் புதிய கையெழுத்து. அன்றியும், குற்றவாளியைப் பிடிக்க வசதி என்பதற்காக விளையாட்டு வீரர் நஞ்சை மூச்சாக இழுக்க வேண்டும் என்று வாதிடுவது எந்த ஊர் நியாயம்?

தொடக்கத்தில் திருத்திய நண்பர்களுக்கு இப்போது விடை சொல்லலாம். ஆம், நம் நாட்டின் பெரும் பெருமை காற்றுத் துப்பாக்கியில். 2008இல் அபினவ் பிந்த்ராவின் பொன் அதில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், நம்மைப் போன்றே ஊர்விட்டு ஊர் வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண், உலகக் கோப்பைப் பொன் பெற்றதும் காற்றுத் துப்பாக்கியில்தான். அதில் பொட்டு இல்லை. அவர்கள் சுடும் சிறுகுண்டு மட்டும் பெரும்பாலும் காரீயம். ஆனால் 2012இல் விஜய் குமார் வெள்ளி பெற்றதும், 2024இல் நம் மகாராஷ்டிரத்துக் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் பெற்றதும் பாயிண்ட் 22 தோட்டாவில். அதில் தனிப்பொட்டு கிடையாது; பொட்டுமருந்து தோட்டாவின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். எனவே அதை மறுபடி நிரப்பவும் முடியாது, பொட்டைத் தேரவும் முடியாது. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிசில் சுட்டது ரவைத் தோட்டா. அதில் பொட்டு உண்டு. நம் வளாகத்தில் தேசிய மாணவர் படையில் சேர்ந்த நண்பர்கள் முதன்முதல் கையில் பிடிப்பது அந்தப் பாயிண்ட் 22 துப்பாக்கியைத்தான். மும்பைக் கல்லூரி ஒன்றின் மாணவர் படையிலிருந்து புறப்பட்டு 2000இல் சிட்னி ஒலிம்பிக் இறுதிச் சுற்று வரை போன அஞ்சலி பாகவத் கதை அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அமெரிக்கர் வீட்டு மேசையில் அமர்ந்து பொட்டைத் தேர்கிறார். இந்தியருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் உறுப்பும் தோட்டாவே; பொட்டு ஒன்று கையில் இருந்தாலும் உரிமம் கேட்பார்கள். அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதனால் ஒரு விளைவு உண்டு. இங்கே தேர்வு தனி ஆளிடம் இல்லை. வாங்கும் இடத்தில் இருக்கிறது. 1951இல் மாவலங்கர் தலைமையில் தோன்றிய தேசிய ரைஃபிள் சங்கம், மாநிலச் சங்கங்கள், படைகள், 1869 முதல் தோட்டா செய்துவரும் கட்கித் தொழிற்சாலை, இவர்கள் ஒரு முறை தேர்ந்தால் ஆயிரம் பேருக்குத் தேர்ந்ததாகும். அமெரிக்காவில் ஆயிரம் பேரை ஒவ்வொருவராகத் திருத்த வேண்டும். இங்கே ஒரு மேசையைத் திருத்தினால் போதும். நம் கட்டுப்பாடு நமக்கு உதவும் அரிய இடங்களில் இது ஒன்று.

இரசாயனம் படிப்பவர்களுக்கு இதில் வேலையும் இருக்கிறது. வியட்நாமில் பிறந்து அமெரிக்கா சென்ற மை ஹாங் ஹுயின் என்ற பெண்மணி லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் காரீயத்துக்குப் பதிலாக இரும்பும் செம்பும் சேர்ந்த பசுமைத் தொடக்க வெடிபொருள்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே மக்கார்தர் பரிசு பெற்றார். இங்கே புனேயில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் உயராற்றல் பொருள் ஆய்வகம் இருக்கிறது. மாதுங்காவில் 1933 முதல் இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. டிராம்பேயில் அணுசக்தி நிலையம் இருக்கிறது. இம்மூன்று ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மேல்நாட்டார் கண்டுபிடித்துத் தரட்டும் என்று நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? மருந்தைச் செய்து பார்க்கச் சொல்லவில்லை. அது உரிமமும் காப்பும் உள்ள ஆய்வகத்தின் வேலை, விடுதி அறையின் வேலையன்று. சுடுமிடத்துத் தரைத் தூளை எடுத்து அதில் காரீயம் எவ்வளவு என்று அளப்பது எம்.எஸ்ஸி. மாணவர் செய்யக்கூடியது. அணு உறிஞ்சு நிறமாலைக் கருவி எத்தனையோ துறைகளில் இருக்கிறது. அளந்து எண்ணைக் காட்டினால் பேச்சு தானே மாறும்.

இந்த ஆண்டு நம் மன்ற நண்பர்களில் சுடும் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. பயிற்சி முடிந்ததும் அதே கையால் வடாபாவை எடுக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். உடையை மாற்றிவிட்டு வீட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். தரையைப் பெருக்குகின்ற அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அன்று நீங்களே கொண்டு போய்க் கொடுங்கள். அடுத்த பருவத்துக்குத் தோட்டா கேட்டுப் படிவம் எழுதும் பொறுப்பு உங்களில் யாருக்கேனும் வந்தால், பயிற்சித் தோட்டா காரீயமற்ற பொட்டுடன் கிடைக்குமா என்ற ஒரு வரியைச் சேருங்கள். படிவத்தில் அதற்கு இடம் விடப்பட்டிருக்காது. ஓரத்தில் எழுதலாம்.